காது நரம்பு ‘வீக்’ ஆவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் காது கேளாமை பற்றி வந்த கட்டுரையில் இரண்டு வரிகள் உறுத்தின. ‘ஒலி பட்டுச் செவிப்பறை அதிர்கிறது, அந்த அதிர்வை நரம்பு மூளைக்குக் கொண்டுபோகிறது’ என்பது ஒன்று. ‘வயதானால் காது நரம்பு பலவீனமாகிவிடும்’ என்பது மற்றொன்று. முதல் வரியில் நடுக்கட்டம் விடுபட்டுப்போனதால்தான் இரண்டாவது வரி தப்பாகிவிட்டது. நரம்புக்கு அதிர்வைக் கடத்தத் தெரியாது. அதில் ஓடுவது மின் துடிப்பு மட்டுமே. அதிர்வை மின் துடிப்பாக மாற்றித் தருவதற்கென்றே உள்காதில் தனிவகைச் செல்கள் இருக்கின்றன. வயதாலும் இரைச்சலாலும் காது மந்தமாகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முக்கியக் காரணம் அந்தச் செல்கள் அழிவதுதான். நரம்பில் கணிசமான பகுதி மிஞ்சியிருக்கும்.

கட்டுரையோடு வந்த படமும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. நடுக்காதின் மூன்றாவது எலும்பின் முனையிலிருந்தே நரம்பு கிளம்புவதுபோல வரைந்திருக்கிறார்கள். ‘நரம்பு வீக்’ என்று டாக்டரே பேச்சுவாக்கில் சொல்லிவிடுவதும் உண்டு. அதைக் கேட்டு வந்தவர் மாதக்கணக்கில் மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமின்) மாத்திரை, நரம்பு டானிக், காய்ச்சிய எண்ணெய் என்று காலத்தைக் கழிக்கிறார். பி12 குறைபாடு இருந்தால் அதற்கு மாத்திரை சாப்பிடவேண்டியதுதான். செத்த செல்லை அது எழுப்பாது. எண்ணெயோ செவிப்பறையைத் தாண்டி உள்ளே போகவே போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் மட்டும் போகும். அப்போது போகவே கூடாது.

செவிப்பறையும் மூன்று எலும்புகளும் ஒலியை எதுவாகவும் மாற்றுவதில்லை. ஒலி தண்ணீருக்குள் நுழைய வழி செய்கின்றன, அவ்வளவுதான். காற்றில் வரும் ஒலி நேராக நீர்ப்பரப்பில் மோதினால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே இறங்கும். கிணற்றில் முங்கியிருப்பவருக்கு மேலே நின்று கூப்பிடுவது சரியாகக் கேட்காததற்கு இதுதான் காரணம். உள்காது முழுக்க நீர்மம் என்பதால் அங்கேயும் சுமார் 30 டெசிபல் வீணாகியிருக்கும். அதை ஈடுகட்ட, செவிப்பறையின் ஏறத்தாழ 55 சதுர மில்லிமீட்டர் பரப்பில் விழும் விசையைச் சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகள் வாங்கி, 3.2 சதுர மில்லிமீட்டரே உள்ள அங்கவடியின் அடித்தட்டில் குவிக்கின்றன. பரப்பு சுருங்குவதால் 17 மடங்கு, எலும்புகளின் நெம்புகோல் அமைப்பால் 1.3 மடங்கு, இரண்டும் சேர்ந்து அழுத்தம் 22 மடங்காகிறது. டெசிபலில் சொன்னால் கிட்டத்தட்ட 27. இந்தப் பகுதியில் வரும் பழுது எதுவாக இருந்தாலும் (அழுக்கு அடைப்பு, ஓட்டை, நடுக்காதுச் சீழ், அங்கவடி இறுகிப்போவது) கேட்கும் திறன் 60 டெசிபலுக்கு மேல் இறங்காது. பெரும்பாலும் மருந்தாலோ அறுவையாலோ சரியாகவும் செய்யும்.

அங்கவடி தள்ளுவது காக்ளியாவுக்குள் இருக்கும் நீர்மத்தை. நத்தைக்கூடு போல இரண்டே முக்கால் சுற்று. விரித்தால் 35 மில்லிமீட்டர். அதன் நீளத்துக்கும் ஓடும் அடிச்சவ்வு, வாசல் பக்கம் குறுகலாகவும் விறைப்பாகவும், நுனிப் பக்கம் அகலமாகவும் தளர்வாகவும் இருக்கிறது. ஆகவே கீச்சுக்குரல் வாசலிலேயே சவ்வை உயர எழுப்பிவிட்டு அடங்கிவிடும். தவிலின் தொப்பிச் சத்தம் நுனிவரை போகும். எந்த இடம் அதிகம் ஆடுகிறது என்பதுதான் சுருதியின் முகவரி. இந்த ஓடும் அலையைக் கண்டறிந்ததற்காக ஹங்கேரியில் பிறந்த கியோர்க் வான் பெக்கெசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பார்த்தவை பிரேதங்களின் காதுகள். அதனால் அவருக்குத் தெரியாமல் போன ஒன்றைப் பிறகு சொல்கிறேன்.

அடிச்சவ்வின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, தொடக்கத்தில் சொன்ன அந்தத் தனிவகைச் செல்கள்: உணர்மயிர்ச் செல்கள். உள்வரிசையில் ஒற்றை வரியாகச் சுமார் 3,500. வெளிவரிசையில் மூன்று வரிகளாகச் சுமார் 12,000. ஒரு காதுக்கு மொத்தமே பதினைந்தாயிரத்துச் சொச்சம். கண்ணில் ஒளியை வாங்கும் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்பதோடு ஒப்பிட்டால் காதின் கையிருப்பு எவ்வளவு சிறியது என்று புரியும். பிறக்கும்போது இருக்கும் எண்ணிக்கைதான், பிறகு கூடாது.

மயிர் என்று பெயர்தானே தவிர அது மயிரே அல்ல. ஒவ்வொரு செல்லின் தலையிலும் ஆக்டின் புரதத்தால் ஆன நுண்கம்பிகள் படிக்கட்டு போல உயரவாரியாக நிற்கின்றன. குட்டைக் கம்பியின் நுனியிலிருந்து அடுத்த நெட்டைக் கம்பியின் பக்கவாட்டுக்கு ஒரு மெல்லிய இழை கட்டியிருக்கிறது. கேட்ஹெரின் 23, புரோட்டோகேட்ஹெரின் 15 என்ற இரண்டு புரதங்கள் கைகோத்து ஆன இழை அது. இழையின் கீழ்முனையில் அயனிகள் நுழையும் கதவு; அந்தக் கதவின் முக்கியமான புரதம் டிஎம்சி1. நீர்மம் ஆடி, கம்பிகள் உயரமான பக்கம் சாய்ந்தால் இழை இறுகிக் கதவைத் திறக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இழை தளர்ந்து கதவு மூடிக்கொள்கிறது. இடையில் நொதியும் இல்லை, வேதிவினைச் சங்கிலியும் இல்லை; கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும் கதைதான். அதனாலேயே மில்லிவிநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் வேலை முடிகிறது. கண்ணின் செல்லுக்கு இதே வேலைக்குப் பல மில்லிவிநாடிகள் பிடிக்கும். மிகச் சன்னமான ஒலிக்குக் கம்பிகள் நகரும் தூரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு.

கதவு திறந்தால் உள்ளே பாய்வது பொட்டாசியம். உடலின் மற்ற இடங்களில் செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி, உள்ளே பொட்டாசியம் மிகுதி. இந்தக் கம்பிகள் மூழ்கியிருக்கும் உள்நிணநீர் மட்டும் தலைகீழ்: பொட்டாசியம் நிறைந்தது, அதோடு +80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் இருப்பது. செல்லின் உட்புறம் சுமார் –50. இரண்டுக்கும் நடுவே 130 மில்லிவோல்ட் இழுவை எப்போதும் காத்திருக்கிறது. கதவு திறப்பதுதான் பாக்கி. இந்த மின்கலத்தை ஓயாமல் ஏற்றிக்கொண்டிருப்பது காக்ளியாவின் வெளிச்சுவரில் உள்ள, ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு பட்டை. அந்தப் பட்டைக்கு ரத்தம் குறைந்தாலோ, ஃபுரோசமைடு போன்ற சிறுநீர் பெருக்கி மருந்து அதிக அளவில் வேகமாக ரத்தநாளத்தில் ஏறினாலோ மின்னழுத்தம் இறங்கிக் காது மந்தமாகும். செல்லுக்குள் வந்த பொட்டாசியம் அடிப்பக்கமாக வெளியேறி, துணைச்செல்கள் வழியே மறுபடி மேலே போய்ச்சேரவேண்டும். அந்தத் துணைச்செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் புரதம் கனெக்சின் 26. அதன் மரபணுப் பிழை பிறவிக் கேளாமைக்கு உலகெங்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று. பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் குழந்தைக்குக் கேளாமை வரும். அக்காள் மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது.

பொட்டாசியம் நுழைந்ததும் செல்லின் மின்னழுத்தம் மாறி, அடிப்பாகத்தில் கால்சியம் கதவுகள் திறக்கின்றன. அங்கே ரிப்பன் என்ற அமைப்பைச் சுற்றிக் குளூட்டமேட் நிரம்பிய நுண்பைகள் தயாராகக் காத்திருக்கும். கால்சியம் பட்டதும் பை உடைந்து குளூட்டமேட் வெளியே கொட்டுகிறது. அதை ஏற்ற நரம்பிழையில் மின் துடிப்பு கிளம்புகிறது. ஒலி நரம்புச் செய்தியாவது இந்த இடத்தில்தான். கட்டுரைப் படத்தில் காணாமல் போனதும் இதுதான். ஒரு காதின் 30,000 நரம்பிழைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உள்வரிசைச் செல்களிலிருந்தே கிளம்புகின்றன; ஒரு செல்லுக்குப் பத்து முதல் இருபது இழைகள். இழை ஒன்றால் விநாடிக்குச் சில நூறு துடிப்புகளுக்கு மேல் முடியாது. ஆகவே பல இழைகள் முறைவைத்து ஒலியலையின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து துடிக்கின்றன. ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸ் வரை இது நடக்கும். அதற்கு மேல் சுருதியை அடையாளம் காட்டுவது சவ்வில் ஆடும் இடம் மட்டும்.

நுண்பைகளை உடைத்துவிடும் பொறுப்பு ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்துக்கு. அது பிறவியிலேயே இல்லாத குழந்தைக்குச் செவிப்பறை, எலும்புகள், கம்பிகள் எல்லாம் சரியாக வேலை செய்தும் நரம்புக்குச் செய்தி போகாது. சீனாவில் ஃபுடான் பல்கலைக்கழக மருத்துவர்கள் அந்த மரபணுவை உள்காதில் செலுத்தியதில் ஆறு குழந்தைகளில் ஐவருக்குக் கேட்கும் திறன் வந்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். பழுது எந்தப் படியில் என்று துல்லியமாகத் தெரிந்ததால் முடிந்த காரியம் அது.

பெக்கெசிக்குத் தெரியாமல் போனது வெளிவரிசைச் செல்களின் வேலை. உயிருள்ள காதில் இந்தச் செல்கள் மின்னழுத்தம் மாறும் ஒவ்வொரு முறையும் நீண்டு சுருங்கி, அடிச்சவ்வைத் தாங்களே ஆட்டிவிடுகின்றன. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை. அதற்கான புரதமான பிரஸ்டின் 2000இல்தான் அடையாளம் காணப்பட்டது. மெல்லிய ஒலியை இவை 40 முதல் 60 டெசிபல் வரை பெருக்கும். உரத்த ஒலியைப் பெருக்காமல் விட்டுவிடும். இரைச்சலிலும் வயதிலும் பெரிதும் அழிவது இந்தச் செல்கள்தான் என்று வைத்துப் பார்த்தால், வீடுகளில் நடக்கும் ஒரு சண்டைக்கு விளக்கம் கிடைத்துவிடும். மெதுவாகப் பேசினால் தாத்தாவுக்குக் கேட்காது. கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் ‘ஏன் கத்துகிறாய்?’ என்பார். அது முரண்டு அல்ல. மெல்லிய ஒலிக்கான பெருக்கி போய்விட்டது. உரத்த ஒலி பழையபடியே கேட்கிறது. இடைப்பட்ட வெளி குறுகிவிட்டது.

அடுத்த குறை, ‘சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை’ என்பது. செல்கள் வாசல் பக்கத்திலிருந்து, அதாவது உயர்சுருதிப் பக்கத்திலிருந்து அழிந்துகொண்டு வரும். உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் காதில் விழும். கடை, தடை, படை, சடை ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் முதல் மெய்யின் சன்னமான வெடிப்பு பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் இருப்பதால் நழுவிப்போகும். காதில் மிஞ்சுவது ‘அடை’ மட்டும். அவரிடம் கத்துவதால் உயிரெழுத்து இன்னும் பெரிதாகும், மெய்யெழுத்து வராது. முகம் பார்த்து, நிறுத்தி, சாதாரணக் குரலில் சொல்வது பலன் தரும். காதுக்கருவியையும் ஆடியோகிராமுக்கு (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனைத் தாளுக்கு) ஏற்ப உயர்சுருதியை மட்டும் தேவையான அளவு கூட்டி, உரத்த ஒலியை அடக்கி அமைத்திருக்கவேண்டும். கடையில் கையோடு வாங்கி மாட்டும் மலிவுப் பெருக்கி எல்லாவற்றையும் ஒரே அளவில் உயர்த்துவதால்தான் அது ஒரு வாரத்தில் மேசை டிராயருக்குள் போய்விடுகிறது.

செல்கள் எப்படிச் சாகின்றன என்பதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது இரைச்சல். 85 டெசிபலில் நாளைக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100க்கு 15 நிமிடம். இந்தியத் தொழிற்சாலை விதிகளோ 8 மணி நேரத்துக்கு 90 வரை விடுகின்றன. விசைத்தறிக் கூடங்களுக்கு அது கட்டுப்பாடு என்பதைவிடச் சலுகை என்பதே பொருத்தம். பாதிப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளமாக ஆடியோகிராமில் தெரியும். காதுக்குழல் தன் 2.5 சென்டிமீட்டர் நீளத்தால் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானாகவே கூட்டிவிடுவது அதற்கு ஒரு காரணம். பஞ்சு வைத்துக்கொள்வது பெயருக்குத்தான். நுரைச்செருகியை விரல்களால் ஒல்லியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்கவேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயன் பாதிகூட இல்லை.

இரண்டாவது மருந்து. ஜென்டமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் உயிர் காப்பவை. ஆனால் மேலே சொன்ன அதே கதவு வழியாகச் செல்லுக்குள் புகுந்து தங்கிவிடுபவை. தாய்வழியில் மட்டும் வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குச் சில ஊசிகளே போதும். அம்மா, அவருடன் பிறந்தவர்கள், பாட்டி என்று அந்த வழியில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது போயிருந்தால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும்.

கோழிக்குஞ்சுக்கு உணர்மயிர்ச் செல் செத்தால் மறுபடி முளைக்கும். இது 1988இல் தெரியவந்தது. மனிதருக்கு முளைக்காது. ஆனாலும் நரம்பிழைகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். நரம்பு மிஞ்சியிருக்கிறது என்பதற்குக் காக்ளியர் இம்பிளான்டைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அது ஒலிவாங்கியில் எடுத்த ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்து, காக்ளியாவுக்குள் செருகிய 12 முதல் 22 மின்முனைகள் வழியாக நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. நரம்பே போய்விட்டது என்றால் அந்த அறுவை வீண் செலவு. 3,500 செல்களின் வேலையை இருபது சொச்சம் முனைகள் பார்ப்பதால் சங்கீதம் சரியாக ஒலிக்காது, பேச்சு புரியும். பிறவிக் கேளாமை உள்ள குழந்தைக்கு எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்திலும் குழந்தைகளுக்கு இது உண்டு.

நரம்பே நிஜமாகப் பழுதாவது எப்போது? ஒரு காதில் மட்டும் மந்தமும் இரைச்சலும் படிப்படியாக ஏறினால், அல்லது ஆடியோகிராமில் கோடு ஓரளவு நன்றாக இருந்தும் சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையில் மதிப்பெண் படு மோசமாக இருந்தால். அங்கே நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதுதான் முறை. டானிக் எழுதும் இடம் அது அல்ல.

ஆடியோகிராம் தாளைப் படிக்கத் தெரிந்தால் நல்லது. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இவை காற்றுவழிக் கேட்பு. பகர அடைப்பு போன்ற குறிகள் எலும்புவழிக் கேட்பு (காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை அதிரவைத்துச் சோதிப்பது). எலும்புக்கோடு மேலேயும் காற்றுக்கோடு கீழேயும் இருந்தால் பழுது வெளிக்காதில் அல்லது நடுக்காதில். இரண்டும் சேர்ந்தே கீழே இறங்கியிருந்தால் உள்காதில் அல்லது நரம்பில். தாளில் ‘சென்சரிநியூரல்’ என்று எழுதுவது இதைத்தான். அந்தச் சொல்லின் முன்பாதி செல்லையும் பின்பாதி நரம்பையும் குறிக்கிறது. தமிழில் சொல்லும்போது பின்பாதி மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

திடீரென ஒரு காது அடைத்துக்கொண்டால் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பார்க்கலாம். அடைத்த காதில் சத்தம் பெரிதாக ஒலித்தால் அழுக்கோ சளியோ இருக்கலாம். நல்ல காதின் பக்கமே ஒலித்தால் உள்காது தாக்கப்பட்டிருக்கிறது என்று கொண்டு, அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும். ஸ்டீராய்டு மருந்தால் பலன் கிடைக்க முதல் இரண்டு வாரங்கள்தான் நல்ல காலம். அதிலும் முதல் நாட்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்த்து அந்த நாட்களைத் தொலைப்பவர்களே அதிகம்.

கடைசியாக, பச்சிளங்குழந்தை சோதனை. ஓ.ஏ.இ. என்பது காதுக்குள் ஒலி அனுப்பி, வெளிவரிசைச் செல்கள் திருப்பி எழுப்பும் மெல்லிய ஒலியை அளப்பது. காது தானே ஒலி எழுப்பும் என்பதை டேவிட் கெம்ப் 1978இல் கண்டதிலிருந்து வந்த சோதனை. சில நிமிட வேலை, நல்ல சோதனைதான். ஆனால் உள்வரிசைச் செல்லையும் ரிப்பனையும் நரம்பையும் அது பார்ப்பதே இல்லை. மஞ்சள் காமாலை கடுமையாக ஏறிய குழந்தைகளிலும், குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளிலும் பழுது அந்தப் பகுதியில் விழுவது உண்டு. அவர்கள் ஓ.ஏ.இ.யில் தேறிவிடுவார்கள், காது கேட்காது. பெரா சோதனை தலையில் ஒட்டிய மின்முனைகளால் நரம்பும் மூளைத்தண்டும் தரும் அலைகளையே பதிவு செய்வதால் அவர்களைத் தவறவிடாது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது பின்பற்றப்படும் கணக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் குழந்தையின் சீட்டில் ‘ஓ.ஏ.இ. பாஸ்’ என்று மட்டும் இருந்தால், பெரா எந்தத் தேதியில் என்று பெற்றோர் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.

இப்படிக்கு,
செவித்திறன் ஆய்வாளர் ஒருவர்,
மதுரை